ஆஸ்கார் இரை எடுக்கவில்லையா: தொட்டியிலேயே பார்ப்பதா, டப்புக்கு மாற்றுவதா, கடை மருந்தா, மாத்திரையா?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோபாலபுரம் என்று இந்தக் கேரள-தமிழ்நாடு எல்லைப் பக்கத்தில் ஆஸ்கார், ஃப்ளவர்ஹார்ன், பேரட் என்ற சிக்லிட் இன அலங்கார மீன்களை வளர்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மீன் மூலையில் போய் நின்றுவிட்டால் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி, "என்னங்க மருந்து ஊத்தலாம்?" மீன் கடைக்காரர் நீலமாக ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுப்பார், மச்சான் ஒரு பிடி கல்லுப்பு போடச் சொல்வார், யூடியூபில் ஒருவர் டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்துக் கொட்டிக் காட்டுவார், பொள்ளாச்சியில் பத்து வருடமாக மீன் வளர்க்கும் பெரியவர் "ஒண்ணும் பண்ணாதீங்க தம்பி, தண்ணிய மட்டும் மாத்துங்க" என்பார். நான்கு பேரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், நான்குமே எங்கோ ஓரிடத்தில் சரியாகவும் இருக்கும். உங்கள் மீனுக்கு இதில் எது என்று முடிவு செய்ய இரண்டு விஷயம் தெரிந்தால் போதும் என்பது என் கட்சி: வீட்டுக்கு வருவது என்ன தண்ணீர், மீன் இன்னும் இரை எடுக்கிறதா இல்லையா. நோயின் பெயர்கூட அதற்கு அப்புறம்தான்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்துக் குழப்பமே அதில்தான். கேரளம் என்றாலே மழை, மென்மையான கிணற்றுத் தண்ணீர் என்று கோயம்புத்தூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சித்தூர் தாலுக்காவின் கிழக்கு ஓரம், வடகரப்பதி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை எல்லாம் மழை மறைவுப் பகுதி, இங்கே போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படியும், தொட்டிக் கண்ணாடியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் சுண்ணாம்புக் கோடு விழும். அப்படியே மேற்கே ஒற்றப்பாலம், ஷொர்ணூர் போனால் வெட்டுக்கல் பூமி, கிணற்றுத் தண்ணீர் மென்மை, பிஹெச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, 6-க்குக் கீழேயும் போகும். கோயம்புத்தூரிலோ சிறுவாணி வருகிற வீட்டில் ஒரு தண்ணீர், அதே தெருவில் போர் போட்ட வீட்டில் வேறு தண்ணீர். மாநில எல்லை வாளையாரில் இருக்கலாம், மீனுக்கான எல்லை உங்கள் வீட்டுக் குழாயில்தான் இருக்கிறது.

இதனால் என்ன ஆகிறது? முதலாவது அமோனியா. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும், ஒன்று விஷம், இன்னொன்று அவ்வளவாக இல்லை. எது எவ்வளவு என்பதை பிஹெச்சும் சூடும் தீர்மானிக்கும். 28 டிகிரியில் பிஹெச் 7 இருந்தால் மொத்த அமோனியாவில் விஷ வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, அதே சூட்டில் பிஹெச் 8 ஆனால் நூற்றில் ஆறு ஏழு பங்கு. அதாவது பிஹெச் குறைந்த சிறுவாணித் தண்ணீர் வீட்டில் தாங்குகிற அதே அழுக்கு, பிஹெச் கூடிய எருத்தேம்பதி போர் தண்ணீரில் மீனின் செவுளைச் சுட்டுவிடும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன் வளர்க்கிறவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், அவர்கள் வேண்டுமென்றே பிஹெச்சை 8-க்கு மேல் வைத்திருப்பார்கள்.

இரண்டாவது, மருந்து. டெட்ராசைக்ளினும் அதன் அண்ணன் தம்பி ஆக்ஸிடெட்ராசைக்ளினும் தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொண்டால் மீன் உடம்புக்குள் போகாது. கடினமான போர் தண்ணீரில் அந்த கேப்சூலைக் கொட்டினால் தண்ணீர் மஞ்சளாகும், அப்புறம் பழுப்பாகும், வியாதி பாட்டுக்கு வியாதி இருக்கும். யூடியூபில் காட்டியவர் ஏமாற்றவில்லை, அவர் ஊர்த் தண்ணீரில் ஒருவேளை வேலை செய்திருக்கும். மூன்றாவது, தாமிரம் கலந்த ஒட்டுண்ணி மருந்துகள். கடினத் தண்ணீரில் அதன் வீரியம் குறையும், மென்தண்ணீரில் அதே அளவு மீனையே கொன்றுவிடும். பாட்டிலில் இத்தனை லிட்டருக்கு இத்தனை சொட்டு என்றுதான் போட்டிருக்கும், உங்கள் தண்ணீர் என்ன என்று பாட்டிலுக்குத் தெரியாது. உள்ளே என்ன மருந்து என்றே எழுதாத பாட்டிலை நான் தொடுவதில்லை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

சரி, மீனைப் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு, தூர நின்று, கால் மணி நேரம். ஆஸ்கார் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: அது கோபக்கார மீன், தொட்டியில் கல்லை இடம் மாற்றினாலோ நிறையத் தண்ணீர் மாற்றினாலோ நிறம் கறுத்து ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும், ஏதோ ஆகிவிட்டது என்று நம் வயிற்றைக் கலக்கும், சாயங்காலம் எழுந்து இரை கேட்கும். அது வியாதி இல்லை, வீம்பு. வியாதி என்றால் இதெல்லாம் இருக்கும்: ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள், கல்லில் உடம்பை உரசுதல். வாயோரம் பஞ்சு ஒட்டியதுபோல, செதில் சாம்பல் நிறம். நெற்றியில் குண்டூசிக் குழிகள், அதிலிருந்து வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருப்பது, பின்பக்கம் வெள்ளை நூலாக மலம். அல்லது வயிறு உப்பி, இரையை வாயில் வாங்கித் துப்புதல். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

இனி வழிகள் ஒவ்வொன்றாக.

பெரியவர் சொன்ன முதல் வழி, தண்ணீர் மட்டும். இதை லேசாக நினைக்காதீர்கள். ஆஸ்கார் வீட்டுத் தொட்டியிலேயே ஒரு அடி வரை வளரும், தின்பதும் அதிகம், கழிவதும் அதிகம், முந்நூறு லிட்டர் தொட்டியில்கூட ஒரு மீனே அழுக்கை நிரப்பிவிடும். புள்ளி, பஞ்சு, குழி எதுவும் இல்லை, சும்மா சோர்ந்து நிற்கிறது, இரையில் நாட்டம் இல்லை என்றால் மருந்து வேண்டாம். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள், அடியில் கிடக்கும் கசடை உறிஞ்சி எடுங்கள், மூன்று நாள் இரை போடாதீர்கள். வளர்ந்த சிக்லிட் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. மலம்புழா தண்ணீரோ சிறுவாணியோ குழாயில் வந்தால் குளோரின் இருக்கும், ஆன்டி குளோரின் போட்டுத்தான் விட வேண்டும். போர் தண்ணீரில் குளோரின் இல்லை என்று அப்படியே விடுகிறார்கள், அதிலும் பிராண வாயு குறைவு, கரியமில வாயு அதிகம், ராத்திரி முழுக்க டிரம்மில் ஏர் பம்ப் ஓடவிட்டுக் காலையில் விடுவது நல்லது. தென்னந்தோப்புக்கு நடுவே உரம் இறங்கும் கிணறாக இருந்தால் அந்தத் தண்ணீரிலேயே நைட்ரேட் இருக்கலாம், ஒரு தடவை சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மாற்ற மாற்ற அழுக்கையே ஊற்றிக்கொண்டிருப்போம். இந்த வழியின் குறை ஒன்றே: உள்ளே ஒட்டுண்ணி இருந்தால் காத்திருந்த நாளெல்லாம் அதற்கு லாபம்.

இரண்டாவது, கல்லுப்பும் சூடும். வெள்ளைப் புள்ளிக்கு இதைவிட நல்ல வழி நம் ஊரில் இல்லை என்பேன். புள்ளியாகத் தெரியும்போது அந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் இருக்கிறது, எந்த மருந்தும் அங்கே தொடாது. அது முதிர்ந்து உதிர்ந்து அடியில் போய்ப் பெருகி, குஞ்சுகளாக நீந்தி வேறு மீனைத் தேடும்போதுதான் உப்போ மருந்தோ அதைக் கொல்லும். சூடு ஏறினால் இந்தச் சுழற்சி வேகமாக முடியும், அதனால்தான் 30 டிகிரி. லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் உப்பு, முந்நூறு லிட்டருக்கு 600 முதல் 900 கிராம், தனியே கரைத்து ஒன்றிரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். புள்ளி மறைந்த பிறகும் விடாமல் மொத்தம் பத்துப் பதினான்கு நாள். தண்ணீர் வற்றினால் வெறும் தண்ணீர்தான் சேர்க்க வேண்டும், உப்பு ஆவியாகாது. மாற்றி எடுத்த தண்ணீரின் அளவுக்கு மட்டும் உப்பு. தொட்டியில் டேங்க் கிளீனர் என்கிற, கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் மீன் இருந்தால் அதற்கு இவ்வளவு உப்பு ஒத்துக்கொள்ளாது, அதை முதலில் வெளியே எடுங்கள்.

ஜூன் மாதம் பாலக்காட்டுக் கணவாயில் காற்றும் சாரலும் தொடங்கியதும் ராத்திரியில் தொட்டி சட்டென்று குளிர்ந்து வெள்ளைப் புள்ளி வருவது இங்கே பழகிப்போன கதை. அப்போதே கரண்டும் போகும். தண்ணீர் சூடேற ஏற அதில் கரையும் பிராண வாயு குறையும், 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் கரையும் என்றால் 30 டிகிரியில் 7.6 மில்லிகிராம்தான். எனவே சூடேற்றிய தொட்டியில் ஏர் பம்ப் நின்றால் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்று கையில் இல்லாமல் இந்த வழியில் இறங்காதீர்கள்.

வாயோரப் பஞ்சுக்கு இதையே செய்தால் கெட்டது. அது பூஞ்சை மாதிரி தெரியும், பெரும்பாலும் பாக்டீரியா, சூடு ஏறினால் அது குதியாட்டம் போடும், ஒன்றிரண்டு நாளில் மீனை முடித்துவிடும். புள்ளியா பஞ்சா என்று நிச்சயமில்லாத வரை ஹீட்டர் திருகைத் தொட வேண்டாம்.

மூன்றாவது, நீலப் பாட்டில். மெதிலீன் ப்ளூதான் அது. முட்டைக்குப் பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும் மேல் தோலில் உள்ள சில தொல்லைகளுக்கும் தனி டப்பில் போட்டால் பிரயோஜனம் உண்டு. பெரிய தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் அமோனியாவைத் தின்று வாழும் பாக்டீரியாவையும் சேர்த்துக் காலி செய்யும், கண்ணாடி ஒட்டியிருக்கும் சிலிகான் நீலமாகிவிடும், அது போகவே போகாது. வியாதி மீனுக்கு அமோனியாவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நெற்றிக் குழிக்கும் வெள்ளை நூல் மலத்துக்கும் இது எதுவுமே செய்யாது. பச்சைப் பாட்டில் என்றால் மாலகைட் கிரீன் இருக்க வாய்ப்பு அதிகம், வெள்ளைப் புள்ளிக்குக் கேட்கும், ஆனால் அது மனிதனுக்கே ஆகாத பொருள், உணவு மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டது, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. உப்பும் சூடும் இருக்க அது எதற்கு என்பது என் எண்ணம்.

நான்காவதுதான் ஆஸ்கார், ஃப்ளவர்ஹார்ன்காரர்களுக்கு முக்கியம்: மெட்ரோனிடசோல். நெற்றிக் குழி, வெள்ளை நூல் மலம், கறுத்த நிறம், இரையைத் துப்புதல் என்று சேர்ந்து வந்தால் குடலில் ஸ்பைரோநியூக்ளியஸ் என்ற சாட்டை வால் ஒட்டுண்ணி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்கான மாத்திரை இதுதான், மனிதர்களுக்கு வயிற்றுக்கடுப்புக்குக் கொடுப்பதே. குழிக்கு ஒட்டுண்ணி மட்டும் காரணம் இல்லை, பழைய தண்ணீரும் வைட்டமின் இல்லாத இரையும் சேர்ந்தே அதைக் கொண்டுவருகின்றன, கோழி ஈரலையும் கப்பி மீனையும் மட்டுமே போட்டு வளர்த்த ஆஸ்காருக்கு மாத்திரை மட்டும் போதாது.

கொடுக்க இரண்டு வழி, இங்கேதான் இரை எடுக்கிறதா என்ற கேள்வி வருகிறது. எடுக்கிறது என்றால் இரையில் கலந்து கொடுப்பதே மேல், சந்தேகமே வேண்டாம். ஒரு கிராம் இரைக்கு 10 மில்லிகிராம் மருந்து, அதாவது 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 40 கிராம் இரைக்கு. மாத்திரையை அம்மியிலோ கரண்டியாலோ மாவாகப் பொடித்து, பெல்லட்டையும் பொடித்து, இரண்டையும் கலந்து, ஜெலட்டினைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து ஆறவிட்டு அதில் பிசைந்து தட்டில் பரப்பி ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகிவிடும், சதுரமாக வெட்டிக்கொள்ளலாம். கசக்கும், அதனால் கொஞ்சம் பூண்டுச் சாறோ அரைத்த இறாலோ சேர்த்தால் மீன் ஏமாந்து தின்னும். வேறு இரை போடாமல் ஐந்து நாள் இதையே கொடுக்க வேண்டும். மருந்து நேரே குடலுக்குப் போகிறது, தொட்டித் தண்ணீர் கெடவில்லை, ஃபில்டர் தப்பித்தது, மீனைப் பிடித்துக் கலவரப்படுத்தவில்லை, தண்ணீர் கடினமா மென்மையா என்ற கவலையும் கிட்டத்தட்ட இல்லை.

இரையே எடுக்கவில்லை என்றால் தண்ணீரில்தான் கலக்க வேண்டும், லிட்டருக்கு 6 முதல் 7 மில்லிகிராம், 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 60 லிட்டருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று தடவை, ஒவ்வொரு தடவைக்கும் முன் கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர் மாற்றி. மாத்திரை சுலபமாகக் கரையாது, வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகக் கலக்கி ஊற்றணும், வெளிச்சத்தில் வீரியம் போகும், விளக்கை அணைத்து வையுங்கள். முந்நூறு லிட்டர் தொட்டிக்கே கலப்பதென்றால் ஒவ்வொரு தடவையும் ஐந்து மாத்திரை. பணத்துக்குப் பிரச்சினை இல்லை, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மாத்திரை, விலை மலிவு. ஆனால் முந்நூறு லிட்டர் மருந்துத் தண்ணீரை எங்கே கொட்டுவது? அதனால்தான் டப்.

டப்பில் வைப்பதா, தொட்டியிலேயே பார்ப்பதா என்பதில் மீன் வளர்ப்பவர்கள் இரண்டு கட்சி. டப் கட்சி சொல்வது, மருந்து குறைவு, மலத்தைப் பார்க்கலாம், மற்ற மீன் அடிக்காது. தொட்டிக் கட்சி சொல்வது, ஒரு அடி மீனை அறுபது லிட்டர் தண்ணீரில் ஃபில்டர் இல்லாமல் போட்டால் அமோனியாவே கொன்றுவிடும். இரண்டும் உண்மை. வெள்ளைப் புள்ளி என்றால் டப் வீண், ஒட்டுண்ணி தொட்டி முழுக்க இருக்கிறது, எல்லாருக்கும் சேர்த்துத் தொட்டியிலேயே பார்க்க வேண்டும். அடிபட்ட மீன், குடல் வியாதி, இரை எடுக்காதது என்றால் டப் நல்லது, ஆனால் பெரிய தொட்டியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றைப் பிடுங்கி டப்பில் போட முடிந்தால் மட்டும். அதற்காகவே ஒரு ஸ்பாஞ்ச் எப்போதும் தொட்டி மூலையில் ஓடட்டும். அது இல்லையென்றால் தினம் பாதித் தண்ணீர் மாற்றத் தயாராக இருங்கள், கொழிஞ்சாம்பாறையில் மே மாதம் அதற்குத் தண்ணீர் எங்கே என்பது வேறு விஷயம்.

டப்புக்கு மீன் வண்டியில் ஐஸ் போட்டு வரும் பெரிய தெர்மோகோல் பெட்டி அருமையான சாமான். சூடு சீராக நிற்கும், நாலு பக்கமும் மறைவு, மீன் அடங்கிக் கிடக்கும். மத்தி வாடை போக நல்ல வெந்நீரில் பலமுறை கழுவி வெயிலில் வையுங்கள், சோப்பு வேண்டாம். மேலே வலை போட்டுக் கல் வையுங்கள், ஆஸ்கார் துள்ளும்.

வயிறு உப்பியதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பாசி தின்னும் மலாவி மீனுக்கு ஆசை ஆசையாகப் புழுவும் இறைச்சியும் போட்டு வயிறு உப்பினால் அது பெரும்பாலும் வேகமாகப் போய்விடும், காத்திருக்க நேரம் இல்லை, இரையை நிறுத்தி அன்றே மெட்ரோனிடசோல் தொடங்குவதுதான் வழி. வெறும் மலச்சிக்கல் என்று தோன்றினால், அதாவது மீன் சுறுசுறுப்பாக இருக்கிறது, வயிறு மட்டும் கனமாக இருக்கிறது என்றால், பேதியுப்பு 20 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன். கல்லுப்பைப் போடாதீர்கள், வீக்கத்தை இறக்குவது பேதியுப்புதான். செதில்கள் அன்னாசிப் பழம் மாதிரி நிமிர்ந்து நின்றால் சிறுநீரகம் போய்விட்டது என்று அர்த்தம், அங்கிருந்து திரும்பி வருவது அபூர்வம்.

மாத்திரைக்கு எங்கே போவது? மெட்ரோனிடசோல் ஷெட்யூல் ஹெச் மருந்து, எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் டாக்டர் சீட்டு வேண்டும் என்பதுதான் சட்டம். 2024-ல் கேரளத்தில் ஆபரேஷன் அம்ரித் என்று சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைப் பிடிக்கத் தொடங்கியதிலிருந்து கெடுபிடி கூடியிருக்கிறது. "மீனுக்குத்தான் சேட்டா" என்று சொன்னால் சிரிப்பார்கள், தர மாட்டார்கள். உடனே பொள்ளாச்சிக்கு பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. அதைவிட பக்கத்து மாட்டாஸ்பத்திரிக்குப் போங்கள் என்பேன். அங்கே டாக்டர் பார்ப்பது பசுவும் ஆடும்தான், மீன் என்றதும் முதலில் முழிப்பார், ஆனால் மலம், நெற்றி, நீந்தும் விதம் மூன்றையும் போனில் வீடியோ எடுத்து, தண்ணீர் சோதித்த அளவுகளையும் எழுதிக்கொண்டு போய்க் காட்டினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். கன்றுக்குட்டி கழிச்சலுக்குச் சாணத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற இடமாக இருந்தால் இன்னும் நல்லது: மீன் போட்ட மலம் காய்வதற்குள், தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டோடு கண்ணாடியில் வைத்து 400 மடங்கில் பார்த்தால், ஒட்டுண்ணி இருந்தால் விறுவிறுவென்று ஓடுவது தெரியும். நேரம் கடந்தால் எல்லாம் அசையாமல் கிடக்கும், எதுவும் பிடிபடாது, அதனால் மீனையே வாளியில் கொண்டுபோவது மேல். பெரிய கூட்டமாக வளர்க்கிறீர்கள், வரிசையாகச் சாகிறது என்றால் திரிச்சூர் மண்ணுத்தியில் கால்நடைக் கல்லூரி இருக்கிறது, கொச்சி பனங்காட்டில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, தமிழ்நாட்டுப் பக்கம் நாமக்கல் கால்நடைக் கல்லூரி இருக்கிறது. ஒரு மீனுக்காக அவ்வளவு தூரம் போவது வெயிலில் மீனுக்கே ஆபத்து.

ஆக, நான் கொடுக்கும் மதிப்பெண் இப்படி. இரை எடுக்கும் மீனுக்கு மருந்து கலந்த இரை முதலிடம், வெள்ளைப் புள்ளிக்கு உப்பும் சூடும் முதலிடம், காரணம் தெரியாத சோர்வுக்குத் தண்ணீர் மாற்றுவது முதலிடம், இரை எடுக்காத மீனுக்கு ஸ்பாஞ்சோடு டப். கேப்சூலும் பெயர் தெரியாத பாட்டிலும் கடைசி, சொல்லப்போனால் பட்டியலிலேயே வேண்டாம்.

எதுவும் பலிக்காமல், மீன் சரிந்து கிடந்து செவுள் மட்டும் அசைகிறது என்றால்? நம் ஆட்கள் பெரும்பாலும் செய்வது சித்தூர்ப் புழையிலோ வாய்க்காலிலோ கொண்டுபோய் விட்டுவிடுவது, கொன்ற பாவம் வேண்டாமே என்று. வியாதியோடு விடுவது அங்கிருக்கும் மீனுக்குத் தொற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பது. பிழைத்துக்கொண்டால் இன்னும் மோசம், இது அமேசான் மீன், நம் பள்ளத்தியும் கரிமீனும் சிக்லிட் இனம்தான், இவை இங்கேயே பிறந்தவை, கரிமீன் 2010-லிருந்து கேரளத்தின் மாநில மீன், வாய் பெரிய வெளியூர்க்காரன் அவற்றின் குஞ்சுகளை விட்டுவைக்க மாட்டான். 2018 வெள்ளத்துக்குப் பிறகு சாலக்குடி ஆற்றில் அரபைமா என்ற அமேசான் ராட்சத மீன் கிடைத்ததை எல்லாரும் பார்த்தோம். ஃபிரீசரில் உயிரோடு வைப்பதும் வேண்டாம், அது சாந்தமான சாவு இல்லை. கிராம்பு எண்ணெய் மருந்துக் கடையில் கிடைக்கும், மூடியுள்ள பாட்டிலில் கொஞ்சம் வெந்நீரோடு பால் போலக் குலுக்கி, தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளியில் முதலில் கொஞ்சம் ஊற்றி மீன் மயங்கியதும் மீதியை ஊற்ற வேண்டும், மொத்தம் லிட்டருக்கு அரை மில்லி கணக்கு. செவுள் நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுத் தோட்டத்தில் ஆழமாகப் புதையுங்கள், கிணற்றிலிருந்து தள்ளி.

அப்புறம் தொட்டியை என்ன செய்வது என்று கேட்பார்கள், கொட்டிக் கழுவிவிடவா என்று. எல்லாவற்றையும் ப்ளீச் போட்டுத் தேய்த்தால் ஃபில்டர் பாக்டீரியா போய்விடும், புது மீன் வந்ததும் முதல் மாதமே அமோனியாவில் தவிக்கும். வெள்ளைப் புள்ளியால் செத்திருந்தால் மீன் இல்லாமல் நான்கு வாரம் 28 டிகிரிக்கு மேல் ஓடவிட்டாலே ஒட்டுண்ணி ஒட்ட ஆள் இல்லாமல் செத்துவிடும், ஃபில்டருக்கு மட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை இரை போட்டு வாருங்கள். குடல் ஒட்டுண்ணி என்றால் அடிக்கசடை முழுசாக உறிஞ்சி எடுத்து, மணலை வெயிலில் காய வைத்து, வலையையும் குழாயையும் தனியாகக் கொதிநீரில் போட்டு எடுத்தால் போதும். அடுத்து வாங்கும் மீனை நேரே தொட்டியில் விடாமல் அதே தெர்மோகோல் பெட்டியில் மூன்று வாரம் வைத்து மலத்தைப் பாருங்கள்.